ஸ்டுடியோ இழுப்பறையில் ஒரு மூக்குக்கண்ணாடி

3-12-73, திங்கள்

காலையில் தூறல். பிறகு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. உப்பளத்தில் அம்பாரங்களை ஓலை வேய்ந்து மூடிவிட்டார்கள். இனி தை வரை அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசாது.

பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சைத் தாள் திருத்தல். ஏழாம் வகுப்பு. மழைக்காலம் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னதற்கு ஒருத்தி, "எங்கள் அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்து எல்லோரையும் ஏசும் காலம்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறாள். முழு மார்க்.

சாயங்கால வேலை:
குடை. கம்பி முறிந்தது.
காப்பித்தூள். முன்னால் நின்று அரைத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் சிக்கரிதான் மிஞ்சும்.
அம்மா ரவிக்கைக்குப் பித்தான். சிப்பியில் செய்தது, பிளாஸ்டிக் ஆகாது.
என் மூக்குக்கண்ணாடி. வலது காதுக்கம்பித் திருகு கழன்று கழன்று விழுகிறது.

ஒரே சாமான் விற்கும் கடைகள்மேல் எனக்குத் தனி மரியாதை. துறைமுகத்துப் பக்கம் கயிறு மட்டும் விற்கும் கடை. விளக்குத் திரி மட்டும் விற்கும் கடை. பித்தான் கடையில் ஆளைப் பார்ப்பதே இல்லை, ரவிக்கையைத்தான் பார்க்கிறார்கள். "இது அம்மா துணியா? இதுக்கு நாலு துவாரம் வச்சதுதான் எடுப்பா இருக்கும்." அவ்வளவுதான் பேச்சு. மனிதரோடு பேசி அலுத்த நாளில் அங்கே போய் நிற்கலாம்.

கண்ணாடிக் கடை பாய் திருகை முடுக்கிவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இந்தத் துவாரம் தேஞ்சு போச்சு. மறுபடி கழலும். கழண்டா கொண்டாங்க." பக்கத்தில் ஒருவர் புதுக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டு, "எழுத்து தெரியுது பாய். ஆனா ஆளு கொஞ்சம் தாசில்தார் மாதிரி தெரியணும்" என்றார். பாய் முகம் மாறாமல் வேறு ஃப்ரேம் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் பிலோமி அக்கா. எங்கள் தெருவின் சம்பந்தங்கள் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான். அம்மா விஸ்கோத்துத் தட்டை எடுத்து வைத்திருந்தாள். அப்போதே தெரிந்துவிட்டது.

பையன் பெயர் செபாஸ்டின். ஹார்பரில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க். அம்மா உண்டு, தங்கை ஒருத்தி. இப்போது திருவருகைக் காலம், கலியாணம் வைக்க மாட்டார்கள். பேசி முடித்து வைத்துக்கொண்டால் தையில், தபசுக் காலம் தொடங்குவதற்கு முன்னால்.

"போட்டோ ஒண்ணு கேக்காவ" என்றாள் பிலோமி அக்கா. பிறகு என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், "கண்ணாடி இல்லாம எடுத்துருங்க."

போன வருஷம் புன்னைக்காயல் சம்பந்தம் இந்தக் கண்ணாடியில்தான் முட்டி நின்றது. "போகப் போகக் கண்ணு அவிஞ்சிருமோ" என்று கேட்டார்களாம். அம்மா அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, வேறு மாதிரி. எனக்கு வேண்டியது பெரிய காரியம் இல்லை. இந்தக் கண்ணாடியோடு என்னை ஒருவன் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து இதுதான் என் முகம்.

5-12, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து கடல் பக்கம் போய்விட்டது.

மைனியோடு ஸ்டுடியோவுக்கு. (அண்ணன் கப்பலில். மைனி எங்களோடு. அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் சிரிப்பே இருக்காது.) ஸ்டுடியோ மாடியில், கீழே பேக்கரி. படியேறும்போதே மக்ரூன் வாசனை. போட்டோவுக்கு உட்காருகிறவர்கள் எல்லோரும் வாயில் எச்சில் ஊறத்தான் உட்காருகிறார்கள் என்று மைனி சொன்னாள்.

பின்னால் திரையில் சலவைக்கல் படிக்கட்டு, ஏரி, அன்னம். அன்னத்தின் கண்ணில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. அதற்கும் பார்வைக் குறை.

"அண்ணாச்சி, நான் கண்ணாடி போட்டே எடுத்துக்கிடுதேன்."

"வெளிச்சம் அடிக்கும்ளா. கண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு பல்பு எரியும்." ஸ்டுடியோ அண்ணாச்சி ஓர் இழுப்பறையைத் திறந்தார். கழுத்துப் பட்டி, பிளாஸ்டிக் ரோஜா, ஓடாத கைக்கடிகாரம், இவற்றின் நடுவே கறுப்பு மூக்குக்கண்ணாடி. சட்டம் மட்டும், உள்ளே கண்ணாடி கிடையாது. "வேணும்னா இதப் போட்டுக்கோ. கண்ணாடி போடுதவங்களுக்குன்னே வச்சிருக்கேன். இதுல வெளிச்சம் அடிக்காது."

வாங்கிப் பார்த்தேன். இடது காதுக்கம்பி முறிந்த இடத்தில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. கம்பியின் முனை சின்னக் கொம்பு போல மேலே தூக்கி நின்றது.

"நெறைய பேரு போடுவாங்களோ?" மைனி.

"போடுதவன் எங்க கேக்கான்? கண்ணு நல்லா இருக்கவந்தான் கேக்கான். மாப்பிள்ளைப் பயலுவ வந்து ஒக்காந்த ஒடனே, அண்ணாச்சி அந்தக் கண்ணாடிய எடுங்கங்கான். இது ஏறுனா போதும், பத்தாங்கிளாஸ் பெயிலானவன் பி.ஏ. ஆயிருதான்."

"அப்பம் பி.ஏ. படிச்ச இவ கழட்டுனா?"

"கலியாணப் பொண்ணு ஆயிருதா."

மைனி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். ஆனால் அம்மா சொல்லி அனுப்பியது சொல்லி அனுப்பியதுதான். கழற்றி மைனி கையில் கொடுத்தேன். அதற்கு முன் அந்த வெற்றுச் சட்டத்தை ஒரு தடவை மாட்டி, நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். மங்கலான ஒரு முகம், அதில் இரண்டு கறுப்பு வட்டம். பார்க்கிறவர்களுக்கு நான் படித்தவள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"இங்கன பாரு" என்றார் அண்ணாச்சி. எங்கன என்று தெரியவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்தேன்.

8-12, சனி

அமலோற்பவ மாதா திருநாள். பள்ளி விடுமுறை. பூசையில் பெஞ்சுக்குப் பெஞ்சு ஈரக்குடை.

போட்டோ வந்தது. அழகாகத்தான் இருக்கிறது, யாராக இருந்தாலும். பென்சிலால் தொட்டுக் கண்ணைப் பெரிதாக்கியிருக்கிறார். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தழும்பு இருக்குமே, அதை அழித்துவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. எத்தனை புத்தகம் படித்துச் சம்பாதித்த தழும்பு.

அம்மா போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். "எம் பிள்ளை இப்படித்தான் இருந்தா" என்றாள், யாரோ வெளியூர் போனவளைச் சொல்வதுபோல. எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடி வருவதற்கு முந்தைய பெண்ணை அம்மாவுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

பிலோமி அக்கா போட்டோவைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள்.

கருப்பட்டி வாங்கியாயிற்று. குடை இன்னும் வரவில்லை, குடை ரிப்பேர்க்காரன் நாளைக்கு என்கிறான். எல்லா நாளும் நாளைக்கு.

10-12, திங்கள்

மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

அம்மாவின் முத்துத் தோட்டில் திருகுச் சுரை தளர்ந்துவிட்டது. பள்ளி விட்டதும் முத்துக் கடைக்கு எடுத்துப்போனேன். இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு வெளியூர்க்காரர் முத்து பார்க்க வந்து தகராறு. கடைக்காரர் காட்ட மாட்டேன் என்கிறார். "வெளக்கு வெளிச்சத்துல முத்துப் பாக்கப்படாதுங்க. எல்லாம் அழகாத்தான் இருக்கும். காலையில வாங்க, அந்த வடக்கு சன்னல்கிட்ட வச்சுப் பாருங்க. அப்புறம் வெலை பேசுவோம்." வெளியூர்க்காரருக்கு ரயிலுக்கு நேரமாகிறது. இவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. விற்கப் போகிற பொருளை இப்படிக் காக்கிற வியாபாரியை இன்றுதான் பார்த்தேன். பெண்ணைக் காட்டும்போது மட்டும் எல்லோரும் விளக்கேற்றியபிறகுதான் வருகிறார்கள்.

வீட்டில் செபாஸ்டினின் போட்டோ.

அம்மாவும் மைனியும் குசினியில் விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா, அவரும் கண்ணாடி போட்டிருக்காரு. ஒனக்குப் பொருத்தம்" என்றாள் அம்மா.

"அப்பம் நான் எதுக்கும்மா கழட்டுனேன்?"

"ஆம்பளைக்கு அது படிப்பு. பொம்பளைக்கு அது கொறை." அம்மா யோசிக்கவே இல்லை. தயாராக வைத்திருந்தாள்.

கையில் வாங்கிப் பார்த்தேன். வகிடு எடுத்த தலை. கொஞ்சம் பயந்த வாய். பின்னால் ஏரி, அன்னம். கறுப்புக் கண்ணாடிச் சட்டம். இடது காதுக்கம்பியில் ஒரு சின்னக் கொம்பு மேலே தூக்கி நிற்கிறது.

அதே சட்டம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

11-12, செவ்வாய்

படுத்தும் அதே யோசனை, எழுந்தும் அதே யோசனை. எழுதிப் பார்த்தால் தெளியுமா?

ஒன்று: அவன் நிஜமாகவே கண்ணாடி போடுகிறவன். வெளிச்சம் அடிக்கும் என்று அண்ணாச்சி அதைக் கழற்றி வைத்து இதை மாட்டியிருக்கிறார்.
இரண்டு: கண் நல்ல கண். பி.ஏ. படித்த பெண்ணுக்கு அனுப்புகிற படம் என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான்.

முதலாவது என்றால் அவன் என் இனம். இரண்டாவது என்றால் பொய்யன். அப்படியானால் கழற்றி வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்ட நான்?

பள்ளியில் "டீச்சர், கரும்பலகையில ஒரே வரியை ரெண்டு தடவை எழுதியிருக்கீக" என்றாள் ஒருத்தி.

12-12, புதன்

பிஸ்கட் வாங்குகிற சாக்கில் பேக்கரிக்குப் போய், அப்படியே மாடியேறினேன். ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் கேட்டேவிட்டேன்: ஹார்பர் ஆள், செபாஸ்டின், அந்தச் சட்டத்தைப் போட்டு எடுத்தாரே, அவருக்குக் கண்ணாடி உண்டா இல்லையா?

"யாருன்னு சொன்ன? நம்ம கேமராவுல எல்லாரும் தலைகீழாத்தான்ளா தெரிவாவ. கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டா, கால் மேல, தல கீழ. மூஞ்சி எங்க ஞாபகம் இருக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாபகம் இருந்தாலும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவன் வந்து ஒன்னயப் பத்திக் கேட்டா என்ன செய்ய?"

நியாயம்தான். பிஸ்கட் பொட்டலத்தோடு இறங்கினேன்.

திரும்பும் வழியில் வாடகைப் புத்தகக் கடை. சைக்கிள் கடையின் பின்பாதிதான், ஆனால் எனக்கு அது இந்த ஊரின் முக்கால்வாசி. காடாத் துணி அட்டை, உள்ளே யாராவது பென்சிலில், "இவளை நம்பாதே" என்று எழுதி வைத்திருப்பார்கள். தடிமனாக ஒரு ருஷ்ய நாவல் எடுத்தேன். அதில் முதல் அத்தியாயத்திலேயே ஒருத்தன் கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பெண்ணைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான். கண் நன்றாக உள்ளவர்கள் எழுதுகிற கதை. எங்கள் இனத்துக்கு ஒருவனைப் பிடிக்க வேண்டும் என்றால் அவன் கையெட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும்.

13-12, வியாழன்

திருகு மறுபடி கழன்றது. கண்ணாடிக் கடை பாய்க்கு ஊரில் யார் கண் எப்படி என்று தெரியும். கேட்டால் அரை நிமிஷத்தில் விஷயம் முடிந்துவிடும். கடை வாசல் வரை போனேன். அப்போதுதான் தோன்றியது: அவர் அப்படிச் சொல்லுகிற ஆளாக இருந்தால், என் பவர் என்ன என்று புன்னைக்காயல்காரர்களுக்குச் சொன்னதும் இவராக இருக்கலாம். கேட்டுவிட்டால் அந்தச் சந்தேகமும் சேர்ந்து வரும். இனி இந்தக் கடைக்கு வர முடியாது.

கேட்கவில்லை. திருகை மட்டும் முடுக்கச் சொன்னேன்.

பிலோமி அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனாளாம்: மா.வீ. (மாப்பிள்ளை வீட்டார், இனி இப்படியே எழுதப் போகிறேன், முழுதாக எழுதினால் மலைப்பாக இருக்கிறது) சனிக்கிழமை சாயங்காலம் ஜவுளிக் கடைக்கு வருகிறார்கள். கிறிஸ்துமஸ் துணி எடுக்க. நாங்களும் கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போவோம். தற்செயலாக.

எங்கள் ஆட்களில் இது ஒரு நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெரு முழுக்கத் தெரியும். கடையில் என்றால் இரண்டு குடும்பம் சேலை எடுக்க வந்தது, அவ்வளவுதான். முதலாளிக்கு முன்பே சொல்லிவிடுவார்கள், அவர் எதிரும் புதிருமாக இரண்டு ஜமுக்காளம் விரித்து வைப்பார். பிடித்துப்போனால் பையனின் அம்மா பெண்ணுக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுப்பாள். பிடிக்கவில்லை என்றால் கும்பிட்டுவிட்டுப் போவாள். வாயால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"கண்ணாடி பைக்குள்ள இருக்கட்டும்" என்றாள் அம்மா. "ஒரு மணி நேரந்தான. எனக்காவ."

எனக்காக என்று அம்மா கேட்பது அபூர்வம். சரி என்றேன்.

15-12, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மதியத்திலிருந்து மழை. ஐந்து மணிக்குக் கடைக்குப் போனபோது கரண்ட் இல்லை. முதலாளி பெட்ரோமாக்ஸ் ஏற்றி நடுவில் தொங்க விட்டிருந்தார். படியில் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். உடனே கடை கரைந்துவிட்டது. சேலை அடுக்கெல்லாம் வண்ணத் தண்ணீர்.

முதல் தப்பு: வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்களை நோக்கி வந்தார். எழுந்து நின்று கைகூப்பித் தோத்திரம் சொன்னேன். அவர் கலர் பாட்டில் கொண்டுவந்த கடை ஆள். மைனி தொடையில் கிள்ளினாள்.

பிறகு மா.வீ. வந்து எதிர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஊதாச் சேலை, அவன் அம்மா. மஞ்சள் பாவாடை தாவணி, தங்கை. அவர்களுக்கு நடுவே உயரமாக ஒரு வெள்ளை. அது செபாஸ்டின். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறம், அதில் இரண்டு கறுப்பு வட்டம்.

முதலாளி சேலையைப் பிரித்து வீசினார். கரையில் என்ன வேலைப்பாடு என்று தெரியவில்லை. பழக்கம், துணியை மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். அம்மா முழங்கையால் இடித்தாள்.

"பிள்ளை என்ன, சேலைய மோந்து பாக்கா?" என்றாள் அவன் அம்மா.

"புதுத்துணி மணம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள் அம்மா. இவ்வளவு வேகமாக அம்மா பொய் சொல்லிக் கேட்டதில்லை.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். முதலாளியும் கண்ணாடி போடுகிறவர். அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் பெட்ரோமாக்ஸ் அவர் முகத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டாக எரிந்து அணைந்தது. கண்ணாடி இல்லாமலும் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. செபாஸ்டின் இடது பக்கம் திரும்பினான், வலது பக்கம் திரும்பினான், விளக்கையே நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் எரியவில்லை.

வெளிச்சம் அடிக்காத கண்ணாடி. படத்தில் போட்டிருந்ததால் நேரிலும் வேண்டும் என்று அதையே வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கடைக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலை என்று தோன்றியது. நான் தெரிவதாக நடிக்கிறேன். அவன் தெரியாததாக.

மழைக்கு ஈசல் கிளம்பி விளக்கைச் சுற்றத் தொடங்கியது. ஒன்று கீழே இறங்கி அவன் கண்ணுக்குள்ளேயே போய்விட்டது போலிருக்கிறது. "ஸ்" என்றான். விரலை உயர்த்திக் கண்ணைக் கசக்கினான். வட்டத்துக்குள் விரலை விட்டு.

எனக்கோ மங்கலாகத்தான் தெரிந்தது. இதை ஒழுங்காகப் பார்க்காமல் விட்டால் ஆயுளுக்கும் வருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. பையைத் திறந்து என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

எல்லாம் தெளிந்தது. கரையில் மயில் வேலைப்பாடு. அவன் அம்மாவின் திறந்த வாய். வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட விரலும், அதற்குப் பின்னால் சிவந்து நீர் வழிகிற ஒரு கண்ணும். அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மைனி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் தங்கைக்குத் திணிக்க ஒன்றும் கிடைக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"வெளிச்சம் பத்தல. அதான் போட்டிருக்கா" என்றாள் அம்மா.

"இவனுக்கும் அப்படித்தான். எப்பமும் போடுறதில்ல" என்றாள் அவன் அம்மா.

இரண்டு தாய்மார்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே சேலையைத் தடவினார்கள். முதலாளிதான் காப்பாற்றினார். "பச்சையில ஒண்ணு எடுத்துப் போடட்டுமாம்மா?"

கிளம்பும்போது கைக்குட்டை அடுக்கின் முன் அவன் அம்மா நின்றதைப் பார்த்தேன். ஒன்றை எடுத்தாள். வாங்கினாள். தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். எங்களுக்குக் கும்பிடும் இல்லை. எந்தக் கணக்கிலும் சேராத மாதிரி போய்விட்டாள்.

படியில் குடை விரிக்க நெருக்கடி. அவன் பக்கத்தில் வந்துவிட்டான். கையெட்டும் தூரம். சட்டத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இது ஸ்டுடியோ அண்ணாச்சிது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

அவ்வளவுதான்.

16-12, ஞாயிறு

பூசைக்குக் கண்ணாடி போட்டே போனேன். அம்மா நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் மைனி மட்டும், அடுப்பைப் பார்த்துக்கொண்டே திடீரென்று விரலைக் கண்ணருகே கொண்டுபோவாள். அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேராலும் வேலை பார்க்க முடியாது.

அவன் குரல் எப்படி இருந்தது என்று யோசிக்கிறேன். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. ஒரு சாமான் யாருடையது என்று சரியாகச் சொல்லுகிற குரல். சரக்கு எண்ணுகிறவன் அல்லவா.

18-12, செவ்வாய்

வெயில். பத்து நாளுக்குப் பிறகு துணி காய்ந்தது.

பிலோமி அக்கா கைக்குட்டையோடு வந்தாள். வெள்ளை, மூலையில் நீலப் பூ. சம்மதமாம். ஒரே ஒரு சொல்: "கலியாணத்தன்னைக்குக் கோயில்ல மட்டும் கண்ணாடி வேண்டாம்னு சொல்லுதாவ. ஊரே பாக்கும்லா. மத்த நாளெல்லாம் ஒம் பாடு."

அம்மா கைக்குட்டையை வாங்க இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"அன்னைக்குத்தான் எனக்குக் கட்டாயம் வேணும்" என்றேன். "யாருகிட்ட சரின்னு சொல்லுதேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"ஏளா, படிச்ச திமிர இங்கன காட்டாத."

"திமிரு இல்லக்கா. கழட்டுனா ஆள் தெரியாது. கலர் கொண்டாந்தவருக்கே தோத்திரம் சொன்னவ நான்."

பிலோமி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அப்படியே போய்ச் சொல்லட்டுமா என்றாள். சொல்லுங்கள் என்றேன். கைக்குட்டையை விட்டுவிட்டுப் போவதா எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல், மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அழுதாளா என்று தெரியவில்லை. சாவி அவள் இடுப்பில்.

நான் செய்தது சரிதானா? சரி என்றுதான் படுகிறது. அதற்காகப் பயம் இல்லை என்று இல்லை. அவனை எனக்குப் பிடித்திருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது, போய்விடுவானோ என்று நினைத்தபோது.

20-12, வியாழன்

மா.வீ. பக்கமிருந்து ஒரு சொல்லும் இல்லை. பிலோமி அக்கா எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறாள்.

கிறிஸ்துமஸ் மாவு இடித்தாயிற்று. குடை வந்துவிட்டது. ஒட்டுப் போட்ட துணி வேறு கறுப்பு.

ருஷ்ய நாவலில் கடைசிப் பக்கங்கள் இல்லை. யாரோ பென்சிலில், "சேர்ந்துவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே வேறு கையெழுத்தில், "இல்லை."

21-12, வெள்ளி

பள்ளி மூடியது. காலையில் காற்று, மதியம் தெளிவு.

திருகு இன்றும் கழன்றது. காப்பித்தூளும் வாங்க வேண்டும். முதலில் கண்ணாடிக் கடை.

பாய் திருகை முடுக்கிக்கொண்டே தானாகப் பேசினார். இந்த வாரம் ஒரு வேடிக்கை டீச்சர், என்றார். ஹார்பர் தம்பி ஒருத்தர் வந்தார், கண்ணு அருமையான கண்ணு, பரிசோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கண்ணாடிதான் வேணும்ங்காரு. எதுக்குன்னேன். "தையில கலியாணம். பொண்ணு கண்ணாடியோடதான் வரும். எங்க வீட்டுல ஊரு என்ன சொல்லும்னு அழுதுக்கிட்டு இருக்காவ. ரெண்டு பேரும் போட்டு நின்னா ஊருக்குப் பேச ஒண்ணும் இருக்காதுல்லா" அப்படிங்காரு.

என் கண்ணாடி அவர் கையில் இருந்தது. பாயின் முகம் எனக்கு மங்கல்தான். என் முகம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"பவர் இல்லாத வெறுங்கண்ணாடி போட்டு, நல்ல ஃப்ரேமா கேட்டிருக்காரு. இந்தா, அறுத்து வச்சிருக்கேன், மாட்டணும்."

"மாட்டாதீங்க பாய்."

"ஏன்?"

"அவருக்கு வேண்டாம். நல்ல கண்ணு, அப்படியே வரட்டும். வந்தா நான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க."

பாய் திருகை முடுக்குவதை நிறுத்திவிட்டார். "ஆர்டர் குடுத்தது அவரு. நிறுத்துறதுக்கு நீங்க யாரு டீச்சர்?"

"வேண்டியவ" என்றேன்.

வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காப்பித்தூள் மறந்துபோயிற்று.